மறு: "மெரைன் கிரேடு": நீர்புகாவா, கடல்தரமா, கடல் தாங்கும் என்பதா?

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

மண்டபம், தூத்துக்குடிப் பக்கம் சொந்தமாக உல்லாசப் படகு வைத்திருப்பவர்களுக்கு நாம் எழுதிக்கொண்டிருக்கும் ஸ்டீரியோ பொருத்தும் கையேட்டில், "மெரைன் கிரேடு" (கடலில் ஓடும் படகுக்கு ஏற்றது என்று பெட்டியில் போடுவது) வருகிற இடமெல்லாம் நாலு பேர் நாலு சொல் போட்டிருக்கிறோம். ஒரு பக்கத்தில் நீர்புகா, அடுத்த பக்கத்தில் கடல்தரம், பின்னிணைப்பில் கடல்சார் தகுதி. அச்சுக்குப் போவதற்குள் இதை முடித்துவிடலாம். நான் மதுரையில் கார் ஆடியோ வேலை பார்ப்பவன், கரைப்பக்கத்திலிருந்து படகு வேலையும் வரும். என் பட்டறைப் பையன்கள் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்து படிக்கப்போகிற கையேடு இது என்பதால், ஒரு சொல்லைப் படித்ததும் அவன் கடையில் எதை வாங்குவான், எந்த வயரை எங்கே மாட்டுவான் என்பதை வைத்துத்தான் நான் சொல்லைத் தேர்ந்தெடுப்பேன்.

> நீர்புகா என்பதே போதும், எல்லோருக்கும் புரியும்.

கோவை நண்பர் சொன்னது. புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். நீர்புகா என்பதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஐ.பி. 67 என்று பெட்டியில் போட்டிருந்தால் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 67 என்றால் தூசி அறவே புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் பொருளைக் கெடுக்கும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்பைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ அந்த இரண்டு எண்களும் ஒன்றும் சொல்லவில்லை.

நீர்புகா ஸ்பீக்கர் என்று ஒரு கடையில் நம்பி வாங்கி மாட்டிய படகு ஒன்று, அடுத்த ஐப்பசி மழைக்குள்ளேயே சத்தம் வரவில்லை என்று என்னிடம் வந்தது. கழற்றிப் பார்த்தால் கோன் (அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பு) புத்தம்புதுசு, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பின்னால் வயர் மாட்டுகிற டெர்மினல்தான் பச்சைக் களிம்பு பூத்து, விரல் பட்டதும் உதிர்ந்து விழுந்தது. முன்பக்க வலையைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்கள் துரு ஏறி, தலை வட்டமாகத் தேய்ந்து, திருப்புவதற்குப் பிடிமானமே இல்லை. கடையில் சொன்னபடி தண்ணீர் புகவில்லைதான். கெடுத்தது உப்புக்காற்று.

அதனால் நீர்புகாவை அதன் இடத்தில், ஐ.பி. எண் வரும் இடத்தில் மட்டும் வைத்துக்கொள்வோம்.

> கடல்தரம் என்றால் கம்பீரமாக இருக்கிறது. சுருக்கமும் கூட.

சுருக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தரம் என்றதும் நம் ஊரில் முதல் தரம், இரண்டாம் தரம் என்றுதான் காதில் விழும். கடைக்காரரிடம் "கடல்தரமா?" என்று கேட்டால், "எல்லாம் நல்ல தரம்தான் சார்" என்று பதில் வரும். இன்னொன்று, தரம் என்ற சொல் ஏதோ ஒரு அதிகாரி சோதித்து முத்திரை குத்தியதுபோல ஒரு நம்பிக்கையைக் கொடுக்கிறது. மெரைன் கிரேடு என்று அச்சடிக்க அப்படி ஒரே முத்திரை எதுவும் கிடையாது, எந்தத் தயாரிப்பாளரும் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் சோதனைகளை: உப்புப் பனிக்கு ஏ.எஸ்.டி.எம். (சோதனை முறைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பு) பி117, புற ஊதாக் கதிருக்கு ஏ.எஸ்.டி.எம். டி4329. முதலாவதில் 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி சூட்டில் பனிபோலத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதுதான் கணக்கு.

"தாங்கியது" என்று தானாகவே கையில் வந்துவிட்டது பாருங்கள். என் பரிந்துரையும் அதுதான்: கடல்தாங்கு. கடல்தாங்கு ஸ்பீக்கர், கடல்தாங்கு வயர், கடல்தாங்கு ஸ்விட்ச். ஒத்தக்கடை வேளாண் கல்லூரிப் பக்கம் போனால் வறட்சி தாங்கும் ரகம், உவர் தாங்கும் ரகம் என்று சாதாரணமாகப் பேசுவார்கள், ராமநாதபுரத்து விவசாயிக்கும் அது பழகிய பேச்சு. அந்த வழியிலேயே இதையும் கொண்டுபோகலாம். எதைத் தாங்கும், எவ்வளவு நாள் தாங்கும் என்று வாங்குகிறவர் கேள்வி கேட்கவும் இந்தச் சொல்லில் இடம் இருக்கிறது. கடல்தாங்கி என்று மட்டும் வேண்டாம், பாலிடெக்னிக் படித்த பையனுக்குத் தாங்கி என்றால் பேரிங்.

> வைகை அணையிலும் கொடைக்கானல் ஏரியிலும் ஓடுகிற படகுக்குக் கடல் எதற்கு?

தேனி தம்பியின் இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தப் படகுகளுக்குக் கடல்தாங்கு வேண்டியதே இல்லை. அங்கே உப்பு இல்லை. வெயிலும் தெறிக்கிற தண்ணீரும்தான். நீர்புகா, வெயில்தாங்கு என்ற இரண்டும் இருந்தால் போதும், பணமும் மிச்சம். பேப்பர் கோன், ஃபோம் விளிம்பு வைத்த கார் ஸ்பீக்கரை மட்டும் அங்கேயும் மாட்டக்கூடாது. ஈரத்தில் பேப்பர் தொய்யும், வெயிலில் ஃபோம் பொடிப்பொடியாக உதிரும். பாலிபுரொப்பிலீன் கோனும் ரப்பர் விளிம்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லலாம்.

அடுத்து வயர். இங்கே புதுச்சொல் தேட வேண்டாம். சிலர் "வெள்ளீய முலாமிட்ட தாமிரக் கடத்தி" என்று எழுதியிருக்கிறீர்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அங்கேயும் பூசுவது வெள்ளீயம்தான். "ஈயம் பூசிய செம்புக் கம்பி" என்றால் எந்தக் கடையிலும் புரியும். அது எதற்கு என்று கையேட்டில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். சாதாரணச் செம்பு வயரின் முனையில் உப்பு ஈரம் பட்டால் அது அங்கேயே நிற்காது, மெல்லிய இழைகளுக்கு நடுவே உறிஞ்சப்பட்டு உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். படகிலிருந்து எடுத்த பழைய வயரைச் சீவிப் பாருங்கள், முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே போயும் இழைகள் கரிக்கட்டை மாதிரி கறுத்திருக்கும், சால்டர் ஒட்டவே ஒட்டாது. ஈயப்பூச்சு இருந்தால் உப்பு நேராகச் செம்பைத் தொடாது.

வயர் கனத்துக்கும் ஒரு கணக்கு போட்டுக் காட்டிவிடலாம். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு ஏறக்குறைய 7.4 மில்லி ஓம். ஆம்ப்ளிஃபயர் 20 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே ஒன்றரை வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் ஒன்றரை! பேஸ் அடிக்கும்போதெல்லாம் செட் அணைந்து அணைந்து எரிவது பெரும்பாலும் இதனால்தான், உடனே ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்லிவிடுகிறார்கள். 10 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். "மின்னழுத்த இறக்கம்" என்ற சொல் நன்றாகவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். பேட்டரிக்கு ஒட்டினாற்போல ஃபியூஸ் வைக்கச் சொல்லும் இடத்தில் உருகி என்று போட்டிருப்பதும் சரி.

ஒரு சொல்லை மட்டும் கட்டாயம் மாற்றச் சொல்வேன், அது எர்த். காரில் பாடியே எர்த், பக்கத்தில் கிடைத்த இரும்பில் ஒரு போல்ட் போட்டு நெகட்டிவை முடித்துவிடலாம். ஃபைபர் படகில் பாடி மின்சாரம் கடத்தாது. கார் வேலை பழகிய பையன் "எர்த் செய்க" என்று படித்தால் ஏதாவது உலோகத்தைத் தேடுவான், கடைசியில் அடிப்பலகையைத் துளைத்துத் தண்ணீருக்குள் போகிற பித்தளைக் குழாயில் கொண்டுபோய் மாட்டுவான். அதன் வழியே மின்சாரம் கசிய ஆரம்பித்தால் அந்தக் குழாயை அரித்துவிடும், அது அரித்தால் படகுக்குள் தண்ணீர். "நெகட்டிவ் வயரைத் தனியாக இழுத்து பேட்டரியின் நெகட்டிவ் முனை வரை கொண்டுபோகவும்" என்று நீளமாகவே எழுதிவிடுவோம். இந்த இடத்தில் கலைச்சொல்லே வேண்டாம்.

"வீட்டு மின்கலம்" என்று ஒருவர் போட்டிருப்பதையும் எடுத்துவிடலாம். இன்ஜினைக் கிளப்ப ஒரு பேட்டரி, விளக்குக்கும் பாட்டுக்கும் இன்னொரு பேட்டரி என்று பிரிப்பதைத்தான் சொல்ல வருகிறார். குடிதண்ணீர், புழங்குகிற தண்ணீர் என்று நம் வீடுகளில் பிரிப்பது போல இதைப் புழங்கு பேட்டரி என்று சொல்லலாம். நடுக்கடலில் பாட்டுக் கேட்டே கிளப்புகிற பேட்டரியை இறக்கிவிட்டால் கரைக்கு வர வழியில்லை என்பதால் இந்தச் சொல் தெளிவாக இருக்க வேண்டும்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். காரைக்குடி அம்மாவின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

— மதுரையிலிருந்து

———

தம்பிக்கு வணக்கம்.

பொருள் சரி, தாங்கு என்பதும் நல்ல தேர்வு. ஆனால் சேர்த்து எழுதினால் புணர்ச்சி விதி குறுக்கே வரும். கடலும் தாங்கும் சேரும்போது லகரமும் தகரமும் றகரமாகத் திரியும், கடற்றாங்கு என்று நிற்கும். யாருக்கும் புரியாது. புணர்ச்சியே வேண்டாம் என்று கடல்தாங்கு என எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உறுத்தும். உவர்தாங்கு என்று வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. யோசியுங்கள்.

— காரைக்குடி

———

தம்பி, இங்கே துறைமுகத்தில் இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டினேன். உவர் என்றதும் உப்பளம், உவர்நிலம் என்று போய்விட்டார்கள். கடல் தாங்குமா என்று கேட்டதும் "தாங்கும், எவர்சில்வர் ஸ்க்ரூதானே" என்று பதில் வந்தது. எவர்சில்வரிலும் 304, 316 என்று பிரிவு உண்டு, 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்கு அதுதான் நிற்கும் என்று அப்புறம் விளக்கினேன். இதையும் கையேட்டில் போடு.

— தூத்துக்குடி

———

அம்மா, நீங்கள் சொன்ன பிறகு சேர்த்து எழுத எனக்கும் மனம் வரவில்லை. உவர்தாங்கு உப்பை மட்டும் சொல்கிறது, வெயிலும் அலையின் குலுக்கலும் விட்டுப்போகின்றன. அண்ணன் அங்கே கேட்டதைப் பார்த்தால் பேச்சில் வருகிற மாதிரியே பிரித்து வைப்பதுதான் நல்லது. கடல் தாங்கும் ஸ்பீக்கர், கடல் தாங்கும் வயர். பெயர்ச்சொல்லாக வேண்டிய இடத்தில் கடல் தாங்குதிறன். இரண்டு சொல்லாக இருப்பதால் புணர்ச்சியும் தொல்லை இல்லை, தேனி தம்பியின் ஏரிப் படகுக்கு வெயில் தாங்கும் என்று அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

316 ஸ்க்ரூவைப் பொருத்தும் பகுதியிலேயே சேர்த்துவிடுகிறேன் அண்ணே. திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தம் வரக்கூடாது என்பதும் அங்கேதான் வர வேண்டும், இப்போது பின்னிணைப்பில் ஒளிந்துகிடக்கிறது.

ஒலிபெருக்கி, பெருக்கி இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதுகிற இடங்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன. "பெருக்கியை ஒலிபெருக்கியுடன் இணைக்கவும்" என்று படித்துவிட்டுப் பையன் முழிக்கிறான். எனக்கு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் என்றே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. அம்மாவுக்குச் சம்மதமா என்று தெரிந்தால் நாளைக்கே திருத்திய பிரதியை அனுப்பிவிடுகிறேன்.

— மதுரையிலிருந்து