செஸ் எஞ்சின் கிராண்ட்மாஸ்டர் பலத்தை எட்டிவிட்டதா? எதை வைத்துச் சொல்வது?

கறுப்புக்குதிரை:
வணக்கம். நான் எழுதிவரும் செஸ் எஞ்சினை (செஸ் ஆடும் கணினி நிரலை) மற்ற எஞ்சின்களோடு மோதவிட்டதில் ரேட்டிங் 2520 வருகிறது. பிளிட்ஸில் (சில நிமிடங்களே தரும் வேக ஆட்டத்தில்) நல்ல மாஸ்டர்களையே வீழ்த்துகிறது. ஆனால் நிதான ஆட்டத்தில் சிப்பாய்கள் ஒன்றையொன்று மறித்துப் பூட்டிக்கொண்டால், என்ன செய்வதென்று தெரியாமல் காயை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. கிராண்ட்மாஸ்டர் பலம் என்று சொல்லலாமா?

யானைமுனை:
அந்த 2520 எஞ்சின்களுக்குள்ளேயே போட்ட கணக்கு. எலோ என்ற இந்த ரேட்டிங் முறை, ஒன்றோடொன்று ஆடியவர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்கும். பட்டியலில் உள்ள எல்லோருக்கும் 200 புள்ளி கூட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் மாறாது. ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் உள்ள மனிதர்களோடு ஆடினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும்.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கும் 2500 மட்டும் போதாது. 2600 பெர்ஃபார்மன்ஸோடு (அந்தப் போட்டியின் ஆட்டங்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் ரேட்டிங்) நார்ம்கள், அதாவது பட்டத்துக்குத் தகுதியான போட்டி முடிவுகள், வேண்டும். அவற்றில் மொத்தம் குறைந்தது 27 ஆட்டங்கள் இருக்க வேண்டும்.

வெள்ளைச்சிப்பாய்:
இவ்வளவு எதற்கு? 1988-இல் லாங் பீச் போட்டியில் டீப் தாட் என்ற செஸ் கணினி கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனையே தோற்கடித்தது, இன்னொரு கிராண்ட்மாஸ்டரான டோனி மைல்ஸோடு முதலிடத்தையும் பகிர்ந்துகொண்டது. கிராண்ட்மாஸ்டரை ஜெயித்தால் அந்தப் பலம் இருக்கிறது என்றுதானே பொருள்?

யானைமுனை:
இல்லைங்க. 200 புள்ளி குறைந்தவர்கூட எலோ கணக்குப்படி நூறு ஆட்டத்தில் 24 புள்ளி எடுப்பார். ஒரு வெற்றி எதையும் நிரூபிக்காது. செஸ் கணினிகளுக்கு ஃபிரெட்கின் பரிசு வைத்தவர்கள் இதைப் புரிந்திருந்தார்கள்: தொடர்ந்து 25 ஆட்டங்களில் 2500 பெர்ஃபார்மன்ஸ் கேட்டார்கள். டீப் தாட் அதையும் எட்டியது, எனக்கு அதுதான் பெரிய சாதனை.

1989-இல் உலக சாம்பியன் காஸ்பரோவ் டீப் தாட்டை 2-0 என்று வென்றதால் அந்தச் சாதனை பொய்யாகிவிடாது. அன்று அவரோடு ஆடிய கிராண்ட்மாஸ்டர்கள் பெரும்பாலோர் அவரிடம் தோற்றவர்கள்தான். உலக சாம்பியனை வெல்வது வேறு கேள்வி, அதை இதோடு குழப்பக்கூடாது.

மந்திரிவழி:
நேரக் கட்டுப்பாட்டை மறக்காதீர்கள். 1998-இல் ஆனந்த், ரெபெல் 10 என்ற நிரலோடு எட்டு ஆட்டம் ஆடினார். மொத்தத்தில் ரெபெல் 5-3 என்று வென்றது. ஆனால் பிரித்துப் பாருங்கள்: பிளிட்ஸிலும் 15 நிமிட ஆட்டங்களிலும் ரெபெல் முன்னிலை, இரண்டு கிளாசிக்கல் (நிதான) ஆட்டங்களில் ஆனந்துக்கு 1.5-0.5. அதே மனிதர், அதே நிரல். யோசிக்க நேரம் கிடைத்ததும் முடிவு தலைகீழ். உங்கள் பிளிட்ஸ் வெற்றிகளைத் தனியாக எழுதிவையுங்கள், கிளாசிக்கலோடு சேர்க்காதீர்கள்.

கறுப்புக்குதிரை:
நன்றி. அப்படியானால் எத்தனை கிளாசிக்கல் ஆட்டம் வேண்டும்? பூட்டிய நிலையில் திணறுவது அடிப்படைக் குறை ஆகாதா?

யானைமுனை:
25 ஆட்டம் என்றால் பிழை எல்லை ஏறத்தாழ ±100 புள்ளி. 100 ஆடினால் பாதியாகக் குறையும். நடுவில் எஞ்சினின் பதிப்பையோ கணினியையோ ஓப்பனிங் புக்கையோ (தொடக்க நகர்வுகளின் தொகுப்பு) மாற்றினால் எண்ணிக்கை முதலிலிருந்து. எதிராளிகள் பலராக இருக்கட்டும். முந்தைய ஆட்டங்களை அவர்களிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். கிராண்ட்மாஸ்டர்கள் ஒருவரையொருவர் அப்படித் தயாராகித்தான் சந்திக்கிறார்கள், எஞ்சினுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளும் சலுகை கூடாது.

மந்திரிவழி:
பூட்டிய நிலை பற்றி: 2000-இல் டார்ட்மண்ட் போட்டியில் டீப் ஜூனியர் என்ற எஞ்சினை எதிர்த்து கிராண்ட்மாஸ்டர் கிராம்னிக் சிப்பாய்களைப் பூட்டி, ராஜாவின் பக்கம் தாக்கி வென்றார். அப்படியும் ஜூனியர் எடுத்தது ஒன்பது ஆட்டங்களில் 4.5 புள்ளி. எதிரே ஆடியவர்கள் அத்தனை பேரும் கிராண்ட்மாஸ்டர்கள். குறை இருந்தும் மொத்தப் புள்ளி நின்றதே, அதைத்தான் எண்ண வேண்டும். உங்கள் எதிராளிகளையும் வேண்டுமென்றே பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆட்டங்களையும் கணக்கில் சேர்த்த பிறகு என்ன எண் வருகிறதென்று இங்கே போடுங்கள்.