போட்ட யூரியா எங்கதான் போவுது? சாம்பல் கொட்டியும் கீரை மஞ்சளாவே நிக்குது

லயத்துப்பையன்:
இலங்கை மலையகத்துல கொட்டகலை பக்கம் நாங்க. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால ஒரு துண்டு தோட்டம், ரெண்டு வருஷமா அடுப்பு சாம்பலதான் கொட்டுறோம், சாம்பல் நல்ல உரம்னு தாத்தா சொல்லுவாரு. ஆனா கீரை எல அடியில இருந்து மஞ்சளாயிட்டு வருது. போன மாசம் ஒரு கிலோ யூரியா வாங்கி சாம்பலோட கலந்து தூவுனேன், ஒரு வாரம்கூட பச்சை நிக்கல. காசு போனதுதான் மிச்சம். இன்னொன்னு, காலையில மூட்டமா பனி இறங்குது, ஊத்துத் தண்ணி விழுற பீலியில மட்டும் மாசி பங்குனியில நூல் மாதிரி தண்ணி, அது ஏன்?

பழைய_கணக்கப்பிள்ளை:
தம்பி, சாம்பலையும் யூரியாவையும் கலந்தீங்களா, அங்கதான் போச்சு. தூவுனதும் மூத்திர நெடி அடிச்சிருக்குமே? அது அமோனியா. யூரியா மண்ணுல கரைஞ்சா அமோனியாவாத்தான் மாறும், சாம்பல் காரம், காரம் கூடுனா அது மண்ணுல நிக்காம காத்துல ஏறிடும். தப்பிச்சது நைட்ரேட்டா மாறும், அத மண்ணு புடிச்சு வைக்காது, ஒரு நல்ல மழை பெஞ்சா கானோட (வடிகாலோட) ஓடிடும். கொட்டகலை பக்கத்து தண்ணி கடைசியில மகாவலி ஆத்துக்குத்தானே, உங்க யூரியா திருகோணமலை கடல பாத்திருக்கும் 😀
சாம்பல்ல பொட்டாசு இருக்கு, சுண்ணாம்பு இருக்கு, பொஸ்பரஸும் கொஞ்சம் இருக்கு. நைதரசன் மட்டும் கெடையாது, அது அடுப்புலயே புகையோட போயிருச்சு. எல மஞ்சளாவுறது அதுக்குத்தான்.

மலைக்காரி:
அண்ணே சொன்னதோட ஒன்னு சேத்துக்கிறேன். அடுப்புல எரியுறது என்னா, கவ்வாத்து மிலாறுதானே, தேயிலச் செடிய வெட்டி விடுறப்ப விழுற குச்சி? தேயில மண்ணுல இருந்து எடுத்தத திருப்பி குடுக்குற ஒரு பெரிய வழி, அத மலையிலயே போட்டு வைக்கிறதுதான். ஒரு கிலோ தேயிலத்தூள்ல கிட்டத்தட்ட 40 கிராம் நைதரசன் இருக்கு, அது பெட்டியில ஏறி கொழும்புக்கு போனா திரும்பி வராது. அதனாலதான் 2021ல அரசாங்கம் ரசாயன உரத்த நிப்பாட்டுனதும் மல வெளுத்துச்சு, அந்த வருஷம் நாட்டுல 30 கோடி கிலோ கிட்ட இருந்த தூள் அடுத்த வருஷம் 25 கோடிக்கு எறங்கிருச்சு. எங்கம்மாவுக்கு பேரு நாள்கூட (முழு நாள் சம்பளம்) ஒழுங்கா கெடைக்கல அப்ப.
ஆனா வெறகு வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராது, கேஸ் விக்கிற வெலைக்கு. குச்சிய மட்டும் கொண்டாங்க, எலைய உதறிட்டு வாங்க. நைதரசன் எலையிலதான் கூட. தோட்டத்துக்கு முள்முருங்க எல வெட்டி போடுங்க, அது வேர்லயே காத்துல உள்ள நைதரசன புடிக்கும்.

பீலிக்கரை:
பனிய பத்தி யாரும் சொல்லல. பனி சும்மா மிதக்குற தண்ணிதான், மோதுறதுக்கு எதாவது வேணும். ஹோட்டன் சமவெளி காட்டுக்குள்ள நின்னு பாருங்க, மழையே இருக்காது, பாசி புடிச்ச கெளைக்கு அடியில சொட்டு சொட்டா நனைவீங்க. தேயில இடுப்பளவு, அது எவ்வளவு புடிக்கும். பீலியில வர்றது இன்னைக்கு பனி இல்ல, முன்ன பெஞ்ச மழை மண்ணுக்குள்ள எறங்கி மெதுவா வர்றது. மேல காடு போயி மண்ணு இறுகிட்டா மழ உள்ள எறங்காது, கான்ல ஓடிரும். எங்க பீலிக்கு மேல யூகலிப்டஸ் வேற நிக்குது, அது குடிக்கிறது தனி.

லயத்துப்பையன்:
அந்த நெடி அடிச்சது உண்மைதான் அண்ணே, பூனைன்னு நெனச்சு வெரட்டிட்டு இருந்தேன். மலைக்காரி அக்கா, அம்மா நாளைக்கு மிலாறு கட்ட போவுது, எலைய உதற சொல்றேன். கட்டு இத்துணூண்டாயிரும்னு ஏசும்.