போர்வைப் பட்டைகள் ஒரே அளவுக்கு வரவில்லை, பிரிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி (குன்னூர்)

தங்கைக்கு மார்கழியில் குழந்தை பிறக்கப் போகிறது. அதற்குள் குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னல்) ஒரு பெரிய போர்வை பின்னிக் கொடுக்க ஆசை. ஒரே துண்டாகப் பின்னினால் போகப்போக மடியில் வைக்க முடியாத அளவுக்குக் கனக்கும் என்று, 7 பட்டைகளாகப் பின்னிக் கடைசியில் இணைக்கலாம் என முடிவு செய்தேன். பட்டைக்கு ஒரு நிறம். 20 கண்ணி அகலம், 120 வரிசை, முழுக்க டபுள் குரோஷா என்ற உயரமான கண்ணி (அமெரிக்க வீடியோக்களில் சொல்லும் டபுள், பிரிட்டிஷ் புத்தகங்களில் இதற்கு டிரெபிள் என்று பெயர்). 4.5 மி.மீ. ஊசி, அக்ரிலிக் நூல் (கடையில் உல்லன் என்பார்கள், ஆனால் செயற்கை இழை).

நேற்று, இதுவரை முடித்த ஐந்து பட்டைகளையும் தரையில் வரிசையாக விரித்தேன். அழுகையே வந்துவிட்டது. முதல் இரண்டும் 138 செ.மீ. மூன்றாவது 131. நான்காவது 144. ஐந்தாவது கீழே 14 செ.மீ. அகலம், மேலே போனால் 12தான். வரிசைகளை மூன்று தடவை எண்ணிவிட்டேன், எல்லாவற்றிலும் 120 இருக்கிறது. இரண்டு மாத உழைப்பு. கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைத்துவிடலாமா?

பதில் (மதுரை)

இழுத்துத் தைக்காதீர்கள். நீளமான பட்டை இணைப்பில் அலை அலையாக எழும்பி நிற்கும், குட்டையான பட்டை போர்வையையே ஒரு பக்கம் சுருக்கும். துவைக்கத் துவைக்க இன்னும் நன்றாகத் தெரியும்.

நீளம் மாறியதற்கும் அகலம் குறைந்ததற்கும் காரணம் வேறு வேறு. மூன்று விஷயம் சொல்லுங்கள். ஐந்தாவதின் மேல் வரிசையில் எத்தனை கண்ணி? ஐந்துக்கும் ஒரே கம்பெனி நூல்தானா? மூன்றாவது பட்டையை எப்போது, எங்கே உட்கார்ந்து பின்னினீர்கள்?

கேட்டவர்

மேல் வரிசையில் 17தான் இருக்கிறது! நான்காவது நீலம். நான் நினைத்த நீலம் வழக்கமான கம்பெனியில் கிடைக்காததால் வேறு வாங்கினேன், தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் பருமன். மூன்றாவது, மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பின்னியது.

பதில் (மதுரை)

அப்படியென்றால் எல்லாம் புரிகிறது அக்கா. மனசு கலங்கியிருக்கும்போது நூலைப் பிடிக்கும் விரலும் இறுகிவிடும், கண்ணி குட்டையாக விழும். எனக்கும் நடந்திருக்கிறது. அதனால்தான் வரிசைக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. 20 வரிசைக்கு ஒருமுறை முதல் பட்டையின் மேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். தொங்கவிட்டு அளந்தால் பட்டை நீண்டு பொய் சொல்லும், தரையில் விரித்துத்தான் அளக்க வேண்டும்.

நீளத்துக்கு முழுதாகப் பிரிக்க வேண்டாம். மூன்றாவதில் ஒரு வரிசை ஏறக்குறைய 1.1 செ.மீ. வருகிறது, இன்னும் 6 வரிசை பின்னினால் 138-ஐத் தொட்டுவிடும். நான்காவதில் வரிசைக்கு 1.2 செ.மீ., மேலிருந்து 5 வரிசை பிரித்தால் போதும். தொடங்கிய சங்கிலிப் பக்கமிருந்து பிரிக்கப் பார்க்காதீர்கள், அது நேராக அவிழாது. பட்டைக்கு ஒரே நிறம் என்பதால் ஒன்றில் 126, ஒன்றில் 115 வரிசை இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஐந்தாவதுக்கு வருவோம். ஒரு வரிசை முடிந்து திரும்பும்போது போடும் 3 செயினை (சங்கிலிக் கண்ணி) அடுத்த வரிசையின் முதல் கண்ணியாகக் கணக்கு வைக்கிறோம், இல்லையா? அப்படியென்றால் வரிசையின் முடிவில், முந்தைய வரிசையின் அந்த 3 செயினுடைய தலையில் ஊசி விட்டு ஒரு டபுள் போட வேண்டும். அது ஓரத்தில் ஒதுங்கி நிற்பதால் பலர் விட்டுவிடுகிறோம். நீங்கள் ஒவ்வொரு வரிசையிலும் விட்டிருந்தால் 20 வரிசைக்குள் பட்டையே ஊசிமுனை மாதிரி முடிந்திருக்கும். 3 கண்ணிதான் குறைந்திருக்கிறது, ஆக மூன்றே இடத்தில்தான் தவறியிருக்கிறீர்கள். கீழிருந்து எண்ணிக்கொண்டு போய் 20, 19 ஆகும் வரிசையைக் கண்டுபிடியுங்கள்.

பதில் (திருச்சி)

பிரிப்பானேன்? நான் கம்பளி நூலில் பின்னியதை நனைத்து, குண்டூசி குத்தி, அளவுக்கு விரித்துக் காயவைத்தேன். அழகாக நின்றது. சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாலும் நீளுமே.

பதில் (மதுரை)

கம்பளிக்கு நனைத்து விரிப்பது நல்ல வழி. இவர் அக்ரிலிக் என்கிறார். அக்ரிலிக்கில் சூடான பெட்டி பட்டால் நூலின் துள்ளல் செத்து, தொளதொளவென்று பளபளப்பாகிவிடும். திரும்பக் கொண்டுவரவே முடியாது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள் அக்கா. எட்ட நின்று ஆவி மட்டும் காட்டுவதானாலும், முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னிச் சோதித்துப் பாருங்கள்.

கேட்டவர்

கண்டுபிடித்துவிட்டேன். முதல் தவறு 64-ஆம் வரிசையில். நீங்கள் சொன்ன அதே இடம், அந்த 3 செயினின் தலை. அதுவரை பிரித்துவிட்டேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. மற்ற இரண்டு பட்டைகளும் 138-க்கு வந்துவிட்டன. பிரித்த நூல் சுருண்டு சுருண்டு இருக்கிறதே, அப்படியே பின்னலாமா? இணைப்பது எப்படி? வரிசை எண்ணிக்கை வேறு வேறாக இருக்கிறதே.

பதில் (மதுரை)

சிட்டமாக (பெரிய வளையமாக) சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்து நிழலில் தொங்கவிடுங்கள். பெரும்பாலும் நேராகிவிடும். இந்தத் தடவை திரும்பும் செயினின் மூன்றாவது கண்ணியில் வேறு நிற நூல் துண்டோ சின்ன ஊக்கோ மாட்டிவையுங்கள். வரிசை முடிவில் அது கண்ணில் பட்டால் விடவே மாட்டீர்கள்.

இணைக்கும் முன் ஏழு பட்டைகளுக்கும் தொடங்கிய முனை ஒரே பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு பட்டையையும் நீளம் பாதியாகும்படி, மறுபடி பாதியாகும்படி மடித்து, மடிப்புகளில் ஊக்கு குத்துங்கள். நீள ஓரத்தில் ஒவ்வொரு கால் பாகத்துக்கும் 45 சிங்கிள் குரோஷா (டபுளைவிடக் குட்டையான கண்ணி), மொத்தம் 180. 120 வரிசைப் பட்டையில் அது இரண்டு வரிசைக்கு 3 என்று வரும். 126-இல் அங்கங்கே ஒன்று விட்டு, 115-இல் அங்கங்கே ஒன்று சேர்த்து 45-ஐக் கொண்டுவர வேண்டும். ஓரம் அலையாக நெளிந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், இழுத்தால் கூட்டுங்கள், ஆனால் ஏழிலும் ஒரே எண் இருக்கட்டும். அப்புறம் ஊக்குக்கு ஊக்கு, கண்ணிக்குக் கண்ணி வைத்து மொட்டை ஊசியால் தையுங்கள். நூலை இறுக்க வேண்டாம்.

கேட்டவர்

முதல் இரண்டு பட்டையும் ஓரம் கட்டிச் சேர்த்துவிட்டேன். விரித்தால் தட்டையாகப் படுக்கிறது! மாமியாரும் வீட்டுக்கு வந்துவிட்டார், ஊக்கு குத்துவது அவர் வேலை. ஆறாவதுக்குப் பழைய கம்பெனியிலேயே மஞ்சள் கிடைத்துவிட்டது.