மறு: ‘லோடு மேப்’ – சுமை வரைபடமா?

அன்பின் நண்பர்களுக்கு,

கார் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் உள்ள ‘லோடு மேப்’ என்பதைத் தமிழில் ‘சுமை வரைபடம்’ எனலாம் என்று நம் குழுவில் பரிந்துரை வந்தது. அதில் இரண்டு சொற்களுமே எனக்கு உடன்பாடில்லை.

எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியில் லோடு என்பது வண்டி சுமக்கும் பாரம் அன்று. ஒவ்வொரு சுழற்சியிலும் சிலிண்டருக்குள் புகும் காற்றின் அளவு. பாஷ் நிறுவனத்தின் மோட்ரோனிக் எம்இ7 கணினியில், 0 டிகிரி செல்சியஸ், 1013 ஹெக்டோபாஸ்கல் (கடல்மட்டக் காற்றழுத்தம்) நிலையிலுள்ள காற்றால் சிலிண்டர் நிறைந்தால் 100 விழுக்காடு. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ எஞ்சின்களில் இது 150ஐயும் தாண்டும். ஆளும் மூட்டையுமாக 2,000 மீட்டர் உயரத்தில் மலையேறும் டர்போ இல்லாத காரை எண்ணிப்பாருங்கள். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் அங்குள்ள காற்றழுத்தத்துக்கு 80ஐ எட்டுவதே அரிது. பாரமோ உச்சத்தில்! அங்கே ‘சுமை 75’ என்று எழுதினால் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? ‘நிரப்பளவு’ என்போம். ஜெர்மானியப் பொறியாளர்களும் நிரப்புதல் என்று பொருள்படும் ‘ஃபுல்லுங்’ என்ற சொல்லைத்தான் ஆள்கிறார்கள்.

வரைபடமும் வேண்டாம். ஒரு பக்கம் சுழல்வேகம், மறுபக்கம் நிரப்பளவு, கட்டங்களில் எண்கள், ‘அட்டவணை’ போதும்.

அடுத்து, எஞ்சின் தன் தண்டைத் திருகும் வலிமையைக் குறிக்கும் டார்க். அதற்கு ‘முறுக்குவிசை’ என்ற சொல் ஏற்கெனவே அச்சு நூல்களில் நிலைத்துவிட்டது. டார்க் விசையே அன்று என்ற இயற்பியல் ஆட்சேபம் நியாயம்தான். அதற்குத் தனி விவாத இழை தொடங்கலாம். கூட்டுச்சொற்களில் ‘முறுக்கு’ என்று சுருக்கலாம். தீபாவளிப் பலகாரம் நினைவுக்கு வந்தால் வரட்டும்.

உண்மையான சிக்கல், எதிலிருந்து எதைக் கணக்கிடுகிறோம் என்ற திசையில் இருக்கிறது. ஓட்டுநரின் மிதி, ஏசி, கியர்பெட்டி, சறுக்கல் தடுப்பு எல்லாம் முறுக்குவிசைக் கோரிக்கைகளாகவே கணினிக்கு வருகின்றன. கணினி அவற்றை ஒருங்கிணைத்து, எவ்வளவு காற்று தேவை என்று ஓர் அட்டவணையில் பார்க்கிறது. பிறகு உண்மையில் புகுந்த காற்றை அளந்து, மற்றோர் அட்டவணை வழியே முறுக்குவிசையாகத் திருப்பிக் கணக்கிட்டுச் சரிபார்க்கிறது. தமிழ்–ஆங்கில அகராதியும் ஆங்கில–தமிழ் அகராதியும் போல இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். திறனைக் கூட்டக் கணினியின் எண்களை மாற்றும் டியூனிங்காரர் முதலாவதில் மட்டும் எண்களைக் கூட்டினால், கேட்டதைவிட முறுக்குவிசை மிகுந்துவிட்டதாகக் கணினி முடிவுசெய்யக்கூடும். உடனே பற்றவைப்பைத் தாமதப்படுத்தும், அல்லது காற்று புகும் வழியிலுள்ள அடைப்பானான த்ராட்டிலை மூடும். ஏற்றிய திறன் எங்கே போனது என்று அவர் டர்போவைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

எனவே இரண்டையும் ‘முறுக்கு அட்டவணை’ என்று பொதுவாக அழைப்பது ஆபத்து. உள்ளிடுவது முன்னும் பெறுவது பின்னுமாக, முதலாவது ‘முறுக்கு–நிரப்பு அட்டவணை’, இரண்டாவது ‘நிரப்பு–முறுக்கு அட்டவணை’ என்று முன்மொழிகிறேன்.

முறுக்குவிசை தாண்டக்கூடாத எல்லையான ‘டார்க் லிமிட்டர்’க்குக் குழுவில் வந்த ‘முறுக்கு வரம்பு’ நன்றாகவே இருக்கிறது. அதை அப்படியே கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.