சர்வரும் ரவுட்டரும் மாறிய பின் அலுவலகக் கணினிக்குள் நுழைய முடியவில்லை

கேள்வி:
வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். புதிய ரவுட்டரைப் பொருத்தி, பழுதான சர்வரை மூன்று மாதப் பழைய பேக்கப்பிலிருந்து மீட்ட பிறகு, சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும், டொமைனுடனான (அலுவலகக் கணினிகளைச் சர்வர் வழியாக ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) நம்பகத் தொடர்பு முறிந்துவிட்டதாகக் கூறி என் விண்டோஸ் கணினி மறுக்கிறது. மா விவசாயிகளுக்குத் தர வேண்டிய பணத்தின் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. வட்டை அழிக்காமல் நுழைய வழி உண்டா?

பதில் 1:
ஐயா, அழிக்க வேண்டிய தேவையே இல்லை. நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, வைஃபை இருந்தால் அதையும் துண்டித்து, வழக்கமான கடவுச்சொல்லைக் கொடுங்கள். கடைசியாக நுழைந்த 10 பயனர்களின் சரிபார்ப்பு விவரத்தை விண்டோஸ் இயல்பாகவே சேமித்து வைப்பதால் பெரும்பாலும் திறந்துவிடும். நுழைந்ததும் முதல் வேலையாகக் கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்.

பதில் 2:
டொமைனில் உள்ள ஒவ்வொரு கணினியும் தனக்கென ஒரு ரகசியக் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்கிறது; சர்வரை மீட்ட பழைய பேக்கப்பில் பழைய கடவுச்சொல்லே இருப்பதால்தான் கணினியில் இருப்பதும் சர்வரில் இருப்பதும் பொருந்தவில்லை. கேபிளை மீண்டும் செருகி, டிஎன்எஸ் (கணினிப் பெயர்களுக்குரிய முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியாக ரவுட்டரை அல்லாமல் சர்வரையே குறிப்பிட்ட பின், நிர்வாகி உரிமையுள்ளவரைக் கொண்டு பவர்ஷெல்லில் (விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கருவி) 'டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல்' கட்டளையை 'ரிப்பேர்' தெரிவுடன் இயக்கச் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கேபிளைக் கழற்றியதும் திறந்துவிட்டது. கோப்புகள் பத்திரமாக உள்ளன. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிஎன்எஸ் மாற்றத்தை நாளை நிர்வாகியுடன் சேர்ந்து செய்கிறோம்.