எலைட்: 7-ஆம் கோள் ‘லேவ்’ வரமாட்டேங்குது, ‘வெ-டி-லெ’ன்னு வருது. எங்கே தப்பு?

கோபி கணினி மன்றம்
வணக்கமுங்க. கோபியில் 11-ஆம் வகுப்புப் பசங்களுக்கு ரெண்டு மணி நேர வகுப்பு. முதல் மணி கேம்பிரிட்ஜ் ஆட்டக் கம்பெனி ஃப்ரன்டியர் டெவலப்மென்ட்ஸ் வரலாறு. அடுத்த மணி ‘எலைட்’ங்கிற பழைய விண்வெளிக் கணினி ஆட்டத்தில் வர்ற கோள் பெயர்களைப் பைத்தான் நிரலில் வரவைக்கறது.

தொடக்க எண்கள் 23114, 584, 46931. மூணையும் கூட்டி, முதல் எண்ணைத் தள்ளிட்டு, கூட்டுத்தொகையைக் கடைசியில் சேர்க்கறோம். அந்த எண்ணை வச்சு ஈரெழுத்துப் பட்டியலிலிருந்து எழுத்து ஜோடிகளை எடுத்து ஒட்டினா பேர். 0-ஆம் கோள் ‘டிபெடியெட்’ வரோணும், ‘எட்ராரியோர்’னு வருது. 7-ஆவது லேவுக்குப் பதிலா ‘வெ-டி-லெ’. கூட்டுத்தொகையை 65536-ஆல் வகுத்து மீதி எடுக்காததுதான் காரணம்னு ஒருத்தர் சொன்னார். எடுத்தும் அதேதானுங்க.

இன்னொண்ணு, சிலைடில் ‘1984: ஃப்ரன்டியர் எலைட்டை வெளியிட்டது’ன்னு இருக்குது. சரிங்களா?

பெருந்துறை 6502
உங்க கூட்டல் சரி, பட்டியல்தான் தப்பு. ஈரெழுத்துப் பட்டியலை ‘எல்இ’யில் (LE) ஆரம்பிச்சிருப்பீங்க. அது 1-ஆம் இடத்துக்கு உரியது. 0-ஆம் இடம் காலி. 0 வந்தா எதுவும் அச்சாகக் கூடாது. பட்டியலுக்கு முன்னாடி ஒரு வெற்றுச் சரம் போடுங்க, எல்லாம் ஒரு இடம் நகர்ந்து உக்காரும். 15-ஆம் இடத்தில் ‘ஏ’ன்னு ஒத்தை எழுத்துத்தான், அங்கே ஜோடி தேடாதீங்க.

0-ஆம் கோளைக் கையில போட்டுப் பாருங்க. மூணாவது எண்ணை 256-ஆல் வகுத்த ஈவு, அதை 32-ஆல் வகுத்த மீதி, அதுதான் பட்டியல் இடம். 46931-க்கு ஈவு 183, மீதி 23: ‘டிஐ’ (TI). அடுத்த கூட்டுத்தொகை 70629, 65536 போக 5093. ஈவு 19: ‘பிஇ’. அடுத்தது 52608, 205, மீதி 13: இது இன்னொரு ‘டிஐ’ (DI), முதல் எழுத்து வேற. கடைசி 39096, 152, மீதி 24: ‘இடி’. அவ்வளவுதான் டிபெடியெட்.

மூணு ஜோடியா நாலு ஜோடியா என்பதை முதல் எண்ணை இரும எண்ணா எழுதினா 64 மதிப்புள்ள பிட் (இலக்கம்) சொல்லும், அது 1-ஆ இருந்தா நாலு. லேவின் எண்கள் 44344, 5276, 5405. 44344-இல் அந்தப் பிட் 0, அதனால மூணு: 21, 22, 0. அந்த 0 பேசாம போறதால பேர் ரெண்டே ஜோடியில் முடியுது. உங்க பட்டியலில் 0-வுக்கும் ‘எல்இ’ இருந்ததால வாலு முளைச்சிருக்குது.

ஒரு கோளிலிருந்து அடுத்ததுக்குப் போக நாலு தடவை கூட்டோணும். ஒரே தடவை கூட்டினா டிபெடியெட்டுக்கு அடுத்து ‘பெடியெட்…’ன்னு முந்தின பேரின் வாலே தலையா வரும். சரியான 1-ஆம் கோள் ‘கியூப்’.

பொள்ளாச்சி பிக்சல்
சிலைடை மாத்திருங்க. 1984 செப்டம்பரில் எலைட்டை வெளியிட்டது ஏகார்ன்சாஃப்ட். எழுதினவங்க டேவிட் பிரேபன், இயன் பெல். ரெண்டு பேரும் கேம்பிரிட்ஜ் மாணவர்கள். ஓடின இயந்திரம் 32 கேபி நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ. அதுக்கு முன்னாடி பார்த்த தோர்ன் இஎம்ஐ கம்பெனி வேண்டாம்னுருச்சு: மூணு உயிர், பத்து நிமிஷ ஆட்டம்ங்கிற அன்றைய அச்சில் அது அடங்கலை.

ஃப்ரன்டியர் கம்பெனியைப் பிரேபன் தொடங்கினது 1994 ஜனவரி. 1993-இல் வந்த ‘ஃப்ரன்டியர்: எலைட் 2’ ஆட்டத்தின் பேரை வச்சுத்தான் பலரும் குழம்பறாங்க. அமிகா கணினியில் அந்த ஆட்டம் 880 கேபி ஃபிளாப்பி ஒண்ணே ஒண்ணில் வந்தது. அங்கேயும் அதே வித்தைதான்: கோள்களைச் சேமிக்கறதில்லை, கணக்கைச் சேமிக்கறாங்க. ஜமுக்காளத்துப் பட்டைக் கணக்கு தெரிஞ்சா முழு ஜமுக்காளத்தையும் மனசில வைக்க வேண்டியதில்லைங்களே, அது மாதிரி.

1995-இல் எலைட்டின் மூணாம் பாகம் பிழைகளோட வந்து பேரைக் கெடுத்துச்சு. அப்புறம் கம்பெனி வளர்ந்தது பெரும்பாலும் அடுத்தவங்க பேரில் செஞ்ச வேலையால: 2004 ரோலர்கோஸ்டர் டைகூன் 3, 2010 கினெக்டிமல்ஸ். இந்தப் பகுதியைப் பசங்ககிட்டச் சுருக்காதீங்க. சொந்த ஆட்டம் செய்யக் காத்திருக்கற ஸ்டூடியோ சம்பளம் கொடுத்தது இப்படித்தான்.

2012 நவம்பரில் புது ஆட்டமான எலைட் டேஞ்சரஸுக்குக் கிக்ஸ்டார்ட்டரில் (மக்கள்கிட்டப் பணம் திரட்டற தளம்) 12.5 லட்சம் பவுண்டு கேட்டு, 15,78,316 பவுண்டு வாங்கினாங்க. 2013-இல் லண்டன் எய்ம் பங்குச் சந்தையில் கம்பெனிப் பங்கு வந்தது. 2014 டிசம்பர் 16-இல் ஆட்டம் வந்தது. ஒரு மாசத்துக்கு முன்னாடி, இணையமில்லாம ஆடும் வசதி கிடையாதுன்னு கைவிட்டதில் பணம் போட்டவங்க கொதிச்சுட்டாங்க. 2016-இல் பிளானட் கோஸ்டரைத் தாங்களே வெளியிட்டாங்க. ஆக ‘சுயேச்சை ஸ்டூடியோ’ன்னா பெரிய வெளியீட்டாளர் கையில் இல்லைன்னு அர்த்தம், பங்குதாரர்கள் இல்லைன்னு அர்த்தமில்லை.

கோபி கணினி மன்றம்
லேவ் வந்துருச்சுங்ணா! ஆனா ஆட்டத்தில் அடுத்த கோள் தொகுதியான ரெண்டாம் கேலக்ஸிப் பேருங்க எல்லாம் கோணலா இருக்குது. அதுக்குத் தொடக்க எண்களின் பிட்டுகளை ஒரு இடம் இடதுபக்கம் சுத்தினதில் வந்த எண்கள் 46228, 1168, 28327.

பெருந்துறை 6502
முதல் ரெண்டும் சரி, மூணாவது 28582 வரோணும். நீங்க 16 பிட்டையும் ஒண்ணாச் சுத்தியிருக்கீங்க. எலைட் ஒவ்வொரு பைட்டையும் (எட்டுப் பிட்டு) தனித்தனியாச் சுத்தும். 23114-லும் 584-லும் பைட் எதுக்கும் உச்சிப் பிட் இல்லாததால ரெண்டு வழியிலும் ஒரே விடை, அதான் கண்ணுல படலை. 46931-ஐ 183, 83-ன்னு பிரிங்க. 183 சுத்தினா 111, 83 சுத்தினா 166. 111×256+166 = 28582. எட்டுப் பிட் பைட்டை எட்டுத் தடவை சுத்தினா பழைய இடம். கேலக்ஸியும் அதனால எட்டுத்தான். சுத்த வேண்டியது கேலக்ஸியின் தொடக்க எண்களை. 255-ஆம் கோள் வரைக்கும் போய் நின்ன எண்களை அல்ல.

65536 பத்தி: மீதி எடுக்காட்டியும் பேர் சரியாத்தான் வரும். கூட்டலில் மேல் பிட் கீழ்ப் பிட்டைத் தொடாது, நமக்கு வேணுங்கறது கீழ்ப் பக்கம். பைத்தானில் எண் வீணாப் பெருத்துட்டே போகும், அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்டில் எழுதற பசங்களுக்குத்தான் வம்பு: அங்கே 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல் துல்லியம் போயிரும், பத்துக் கோளைத் தாண்டினதுக்கு அப்புறம் பேர் கெட ஆரம்பிக்கும். அதனால எடுத்துருங்க.

கணினியைத் திறக்கறதுக்கு முன்னாடி டிபெடியெட்டைத் தாளில் போடச் சொல்லுங்க. மூணு கூட்டல், எட்டு வகுத்தல்தான். கால் மணி நேரம் ஒதுக்குங்க. 65536-ஐக் கழிக்கற இடத்தில்தான் பாதிப் பேர் தடுமாறுவாங்க.