புதுப்பிப்பு: குழி ஆடிக் கணக்கு, சோதித்தும் பார்த்தாச்சு

முன்பு போட்ட கேள்வி இதுதான்: வளைவு ஆரம் 30 செ.மீ. உள்ள குழி ஆடிக்கு முன்னால் 20 செ.மீ. தூரத்தில் 3 செ.மீ. உயரச் சுடர், பிம்பம் எங்கே விழும், எவ்வளவு பெரியது?

குவியத் தொலைவு (ஆடியிலிருந்து, இணையாக வரும் ஒளி குவியும் புள்ளியான குவியம் வரை உள்ள தூரம்) ஆரத்தில் பாதி, 15. கார்ட்டீசியன் குறியீட்டில் (ஆடிக்கு முன்னால் உள்ள தூரங்களுக்குக் கழித்தல் குறி, பின்னால் உள்ளவற்றுக்குக் கூட்டல் குறி) பொருள் தூரம் −20, குவியத் தொலைவு −15 என்று போட்டால் பிம்பத் தூரம் −60, உருப்பெருக்கம் −3. அதாவது ஆடிக்கு முன்னால் 60 செ.மீ.யில் 9 செ.மீ. உயரத்தில் தலைகீழான மெய் பிம்பம்.

சரி, வெள்ளை அட்டையை அங்கே பிடித்தேன், மெழுகுவர்த்தியே ஒளியை மறைக்காதபடி ஆடியைக் கொஞ்சம் சாய்த்தால் சுடர் நுனி கீழே பார்த்தபடி பளிச்சென்று விழுகிறது, அட்டையைச் சற்று நகர்த்தினாலே விளிம்பு கலங்குகிறது.

அப்புறம் சுடரை 10 செ.மீ.க்குக் கொண்டுபோனால் பிம்பத் தூரம் +30, உருப்பெருக்கம் +3. அட்டையில் எதுவும் விழாது, ஆடிக்குள் எட்டிப் பார்த்தால் நிமிர்ந்த மாய பிம்பம். இரண்டிலும் அதே 3 மடங்கு வருவது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்: இரண்டு தடவையும் சுடர் குவியத்திலிருந்து 5 செ.மீ. தள்ளித்தான் இருக்கிறது, 15-ஐ 5-ஆல் வகுத்தால் 3. குறி மட்டும் பக்கத்தைப் பொறுத்து மாறும்.